ஐந்து வீட்டுச் சாப்பாடு

மட்டாஞ்சேரிக்கு வருகிறவர்கள் காலையில் அரண்மனைக்குப் போய்ச் சுவரோவியங்களைப் பார்ப்பார்கள். அங்கிருந்து ஜூ டவுனுக்கு நடப்பார்கள். யூதக் கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் பதித்த நீல ஓடுகளைக் குனிந்து பார்ப்பார்கள். ஒரு ஓட்டில் இருக்கும் படம் இன்னொன்றில் இருக்காது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது உண்மையா என்று சோதிப்பார்கள். பழம்பொருள் கடைகள், மிளகு வாசனை, சுக்கு மூட்டைகள் எல்லாம் முடிவதற்குள் மணி ஒன்றாகிவிடும். வெயிலோடு பசியும் வந்துவிடும். அந்த நேரத்துக்கென்றே நான் வேலை செய்யும் வீட்டில் ஐந்து வீட்டுச் சாப்பாடு போடுகிறோம்.

வீடு ஒரு மலையாளி அம்மாவுடையது. எனக்கு அவர் சேச்சி, அதாவது அக்கா. முன்னறையில் இரண்டு மேசை போட்டிருக்கிறார். சாப்பாட்டை அவர் ஒருத்தர் சமைப்பதில்லை. எங்கள் பகுதியில் பல ஊர்களிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன்னால் வந்து தங்கிய குடும்பங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பண்டம் வரும். சேச்சி ஆப்பமும் தேங்காய்ப்பால் மீன் கறியும் செய்வார். கொங்கணி வீட்டிலிருந்து காய்கறிக் கூட்டு. குஜராத்தி வீட்டிலிருந்து கடி என்கிற, இனிப்பும் புளிப்புமான மோர்க் குழம்பு. கட்ச் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம்களான கச்சிக்காரர் வீட்டிலிருந்து கோழிக் கறி. ஐந்தாவது, என் வீட்டு மிளகு ரசம். ஒரே தட்டில் ஐந்து கிண்ணம். இதைச் சாப்பிட்டால் மட்டாஞ்சேரியைச் சுற்றிப் பார்த்த மாதிரி என்று சேச்சி விருந்தினரிடம் சொல்வார். அதில் பொய் இல்லை.

காலையில் வீடு வீடாகப் போய் இன்று எத்தனை பேர் என்று சொல்வது, மதியம் தூக்குகளை வாங்கி வருவது, பரிமாறுவது, கழுவிய பாத்திரங்களைத் திருப்பிக் கொடுப்பது என் வேலை. இதில் எனக்குக் கஷ்டமானது முதல் வேலைதான். நான் தென்காசிப் பக்கம் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. என் கணவர் சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறார். மலையாளம் எனக்கு நன்றாகப் புரியும். வாயைத் திறந்தால் பாதி தமிழாக வரும், கேட்பவர்கள் சிரிப்பார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிப்பதில்லை என்றாலும் எனக்கு முகம் சுட்டுவிடும். அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். வாசலில் நின்று விரலைக் காட்டுவேன். நாலு பேர் என்றால் நாலு விரல். உள்ளேயிருந்து அவர்கள் தலையசைப்பார்கள். ஏழு வருடம் இப்படியே ஓடிவிட்டது, ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

அன்று காலை சேச்சி என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டார்.

"இன்னைக்கு ரெண்டு பேரு மாத்திரம். சென்னையில இருந்து. பின்னே, முக்கியமாயிட்டு ஒரு காரியம். அந்த சாருக்கு அண்டிப்பருப்பு பாடில்லா. ஒரு துண்டு உள்ள போனா மூச்சு நிக்குமாம். அந்த மேடம் ரெண்டு தடவ போன்ல விளிச்சு பறஞ்சிருக்கு. எல்லா வீட்டிலயும் போயி பறயணும், கேட்டோ?"

அண்டிப்பருப்பு என்பது முந்திரி, பாடில்லா என்றால் கூடாது. நான் தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன். முந்திரி வேண்டாம் என்பதை விரலில் காட்ட முடியாது. வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தை மலையாளத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கொங்கணி வீட்டு அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"நினக்கு வாயுண்டோ? ஏழு வருஷத்துக்குப் பிறகு இன்னைக்குத்தான் உன் சப்தம் கேக்கிறேன்" என்றார். அப்புறம், "அண்டிப்பருப்பு இல்லாத கூட்டு கூட்டே இல்ல. ஆனா ஆளு செத்துப்போனா கூட்டு எதுக்கு? போடல, போ" என்றார்.

குஜராத்தி வீட்டில் மருமகள் மட்டும் இருந்தாள். கடியில் முந்திரி எப்போதும் கிடையாது என்றாள். இரண்டு வீடுகளிலும் சொல்லி முடித்ததில் எனக்கு முதுகு வியர்த்திருந்தது.

கச்சிக்காரர் வீட்டு அம்மாவை நான் இத்தா என்று கூப்பிடுவேன். அந்த வீட்டு வாசலில் அன்று ஏழெட்டு ஜோடி ஆண் செருப்புகள் கிடந்தன. முன்னறையில் ஆண்கள் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஸ்டூலில் ஏறி மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் நின்றதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "எந்தா வேணும்?" என்று ஒருவர் கேட்டார். தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் அப்படியே காணாமல் போய்விட்டது. அவர்கள் தோள்களுக்குப் பின்னால், கதவிடுக்கில் இத்தாவின் முகம் தெரிந்தது. நான் இரண்டு விரலைக் காட்டினேன். இத்தா தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

தெருமுனை வரை வந்து நின்றேன். திரும்பிப் போக வேண்டும் என்று தெரியும். ஆனால் இத்தாவின் கோழிக் கறியை ஏழு வருடமாகச் சுமக்கிறேன். வெங்காயம், தயிர், மிளகாய் தவிர அதில் வேறெதுவும் இருந்ததில்லை. சிவப்பாக, மேலே எண்ணெய் மிதந்துகொண்டு வரும். இல்லாத ஒன்றைப் போடாதீர்கள் என்று எதற்காகச் சொல்ல வேண்டும்? அப்படி எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து ரசத்துக்குப் புளி ஊற வைத்தேன்.

மதியம் தூக்கு வாங்கப் போனபோது அந்த வீட்டில் கூட்டம் இன்னும் அதிகமாகியிருந்தது. அத்தர் வாசனை தெரு வரைக்கும் அடித்தது. இத்தாவின் தங்கை மகள் ஓடி வந்து தூக்கைக் கொடுத்தாள்.

"அக்காவைப் பாக்க மாப்பிள வீட்டாரு வந்திருக்கு. ஆலுவாவில இருந்து" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

தூக்கு வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. அதைக் கவனித்தேன், ஆனால் கவனித்ததை யோசிக்கவில்லை.

சென்னையிலிருந்து வந்த கணவனும் மனைவியும் ஒன்றேகாலுக்கு வந்தார்கள். சாருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், பருத்த உடம்பு, வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். அந்த அம்மா ஒல்லி. கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே உட்கார்ந்தார்.

நான் தண்ணீர் வைத்தபோது சார், "அக்கா, நீங்க தமிழ்தானே? மூக்குத்தியப் பாத்தாலே தெரியுது" என்றார். "காலையில இருந்து பாத்ததெல்லாம் பாத்தாச்சு. இன்னும் எத விடக்கூடாது?"

தமிழில் பேசுவதால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. சாயங்காலம் கதகளிக்குப் போங்க, ஆனா ஆட்டம் தொடங்குறப்ப போகாதீங்க, ஒரு மணி நேரம் முன்னாலயே போனா முகத்துக்குச் சாயம் பூசுறதப் பாக்கலாம், அதுதான் நல்லா இருக்கும் என்றேன். எனக்கே ஆச்சரியம், அவ்வளவு பேசிவிட்டேன்.

"டிக்கெட் வாங்கியாச்சு. அஞ்சு மணிக்கு" என்றார் அவர்.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். "முந்திரி பத்திச் சொல்லியிருந்தேன். எல்லா வீட்லயும் சொல்லிட்டாங்களா?"

"ஒண்ணும் பயப்பட வேண்டா. இவள்தானே எல்லா வீட்டிலயும் போயி பறஞ்சது" என்ற சேச்சி என் பக்கம் திரும்பினார். "பறஞ்சில்லே?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

"என்னை முந்திரிகிட்ட இருந்து முப்பது வருஷமா இவ காப்பாத்திட்டு வர்றா" என்றார் அவர். "இவகிட்ட இருந்து என்னைக் காப்பாத்தத்தான் ஒரு ஆளும் வரல."

சேச்சி சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. நான் உள்ளே போனேன்.

முதலில் கடியும் கூட்டும் கொண்டுபோய் வைத்தேன். பிறகு கச்சி வீட்டுத் தூக்கைத் திறந்தேன். கறி சிவப்பாக இல்லை. வெளுப்பாக, கெட்டியாக, பாயசத்துக்குக் காய்ச்சிய பால் மாதிரி இருந்தது. மூடியின் உள்பக்கத்தில் வழவழவென்று ஒட்டியிருந்தது.

தேங்காய்ப்பால் ஊற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஒரே பானையில்தான் வைத்திருப்பார்கள். வருகிறவர்கள் சம்பந்தம் பேச வந்தவர்கள். தயிரும் மிளகாயும் மட்டும் போட்டா வைப்பார்கள்?

"கோழிக் கறி எவிடே?" என்று சேச்சி முன்னறையிலிருந்து குரல் கொடுத்தார். ஆப்பம் சூடாகத் தட்டில் விழுந்துவிட்டது, ஆறக்கூடாது.

அந்த நேரத்தில் நான் செய்ததை இப்போது எழுதவே கை கூசுகிறது. கிண்ணங்களில் ஊற்றிக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். சொல்வதாக இருந்தால், சற்று முன் தலையாட்டியது பொய் என்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. தேங்காய்ப்பால்தான், தேங்காய்ப்பால்தான் என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குத் திரும்பினேன்.

மூடி மேடையில் கிடந்தது. அது புரட்டாசி மாதம். அந்த மாதம் முழுக்க நான் கவுச்சி வாயில் வைக்க மாட்டேன். பரிமாறுவேன், கழுவுவேன், ருசி பார்க்க மாட்டேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். மூடியை விரலால் வழித்து நாக்கில் வைத்தேன்.

முந்திரி. சந்தேகத்துக்கே இடமில்லை.

முன்னறைக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. சேச்சி அந்த அம்மாவிடம், அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை வந்திருந்தால் பூட்டைத்தான் பார்த்திருப்பீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சார் ஆப்பத்தைக் கிழித்துக் கறியில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அந்நிய ஆணின் கையை என் வாழ்க்கையில் பிடித்ததில்லை. குரல் வரவில்லை. பிடித்த கையை விடாமல் நின்றேன்.

"எந்தா இது?" என்று சேச்சி எழுந்தார்.

"அதுல முந்திரி இருக்கு" என்றேன். "சாப்பிடாதீங்க."

அவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த ஆப்பத்தைப் பார்த்தார். "ஒரு வாய் ஏற்கனவே போயிடுச்சேம்மா" என்றார், மெதுவாக, மனைவியிடம்.

அந்த அம்மா கத்தவில்லை. கைப்பையைத் திறந்து கொட்டினார். வாயைக் கொப்பளிக்கச் சொன்னார். அவர் கொப்பளித்துத் துப்புவதற்குள் உதடு ஒரு பக்கம் தடிக்க ஆரம்பித்தது. கழுத்தைச் சொறிந்தார். "தொண்டை அரிக்குது" என்றார். இன்னொரு முறை சொல்ல வந்தபோது குரல் மாறியிருந்தது. அந்த அம்மா பேனா மாதிரி இருந்த ஓர் ஊசியை எடுத்து, அவர் தொடையில் பேன்ட்டோடு சேர்த்துக் குத்தி, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு அழுத்திப் பிடித்தார்.

"ஆஸ்பத்திரி. இப்பவே" என்றார்.

சேச்சி செருப்புகூடப் போடாமல் ஓடி ஆட்டோவைக் கூட்டி வந்தார். அவர்கள் இருவரும் பின்னால், நான் அவர்களோடு ஒட்டிக்கொண்டு, சேச்சி டிரைவர் பக்கத்தில் பாதி வெளியே. ஐம்பது அடி போவதற்குள் கிடங்கு வாசலில் ஒரு லாரி பின்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது. தெரு முழுக்க அதுதான். சேச்சி இறங்கி, லாரிக்காரனின் தகப்பனிலிருந்து தொடங்கித் திட்டினார். லாரி முன்னே போனது. அந்த ஒரு நிமிடத்தில் சாரின் மூச்சு விசில் மாதிரி கேட்டதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். அந்த அம்மா அவர் முதுகில் கை வைத்து, "மூக்கால இழுங்க, மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குரல் நடுங்கவில்லை.

தோப்பும்படி போகும் வழியில் இருக்கும் ஆஸ்பத்திரியில் அவரைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்தார். என்ன சாப்பிட்டார், எவ்வளவு, முந்திரி மட்டுமா, வேறு கொட்டை ஏதாவது உண்டா என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. சேச்சி இத்தாவின் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டு என் கையில் கொடுத்தார்.

பின்னணியில் ஒரே சிரிப்பும் பாத்திரச் சத்தமும்.

"எந்தாடீ, கறி தீர்ந்து போச்சா?" என்றார் இத்தா. "இன்னும் வேணுமா?"

"இத்தா, கறியில என்ன போட்டீங்க?"

"நல்லா இருந்தில்லே? மாப்பிளயோட வாப்பா மூணு தடவ வாங்கிச் சாப்பிட்டாரு. பெண்ணைப் பாத்ததவிடக் கறியைத்தான் நல்லா பாத்தார்."

"இத்தா, என்ன அரைச்சு ஊத்தினீங்க, அதச் சொல்லுங்க."

"அண்டிப்பருப்பு. கால் கிலோ. வேற ஒண்ணுமில்ல. எந்தா, என்ன ஆச்சு?"

டாக்டர் உள்ளே போய்விட்டார். சேச்சி போனைப் பிடுங்கினார். "நிங்ஙளோடு பறஞ்சதல்லே? ரெண்டு பேரு, அண்டிப்பருப்பு பாடில்லான்னு பறஞ்சதல்லே? ஒரு ஆளு இவிடே கிடக்குது..."

"சேச்சி" என்றேன். "நான் சொல்லல."

சேச்சி போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"அங்க ஆம்பளைங்க நிறைய பேர் இருந்தாங்க. நான் விரலக் காட்டிட்டு வந்துட்டேன். இத்தா மேல தப்பில்ல."

போனுக்குள் இத்தா "ஹலோ, ஹலோ" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சேச்சி அதை அணைத்தார். அவர் எப்போதும் பேசுகிறவர். அப்போது மட்டும் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார்.

அந்த அம்மா எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். ரொம்ப நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டப்ப தலையாட்டினீங்களே" என்றார்.

"ஆமா."

"ஏன்?"

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க" என்றேன். அதுதான் உண்மை. சொன்னபோது அது எவ்வளவு சின்னதாகக் கேட்டது என்பது எனக்கே தெரிந்தது.

அவர் நாற்காலியை மாற்றி உட்காரவில்லை.

மூன்று மணிக்கு ஒரு நர்ஸ் வந்து மூச்சு சீராகிவிட்டது என்றாள். ஆனால் அனுப்ப முடியாது, அடங்கிய பிறகும் சில பேருக்கு மறுபடி வரும், ராத்திரி வரை பார்க்க வேண்டும் என்றாள். மறுபடி வரும் என்ற அந்த வார்த்தைதான் மிச்ச நேரம் முழுவதும் எங்களோடு உட்கார்ந்திருந்தது. உள்ளே ஒவ்வொரு முறை அவர் இருமியபோதும் இரண்டு பேரும் எழுந்தோம். சேச்சி நாலு மணிக்கு வந்து, வீட்டுக்குப் போ, நான் இருக்கிறேன் என்றார். நான் போகவில்லை.

ஐந்து மணிக்கு எங்களை உள்ளே விட்டார்கள். அவர் தலையணையில் சாய்ந்திருந்தார். முகம் இன்னும் வீங்கி, கண்கள் இடுங்கி, கன்னம் சிவந்திருந்தது.

"கதகளி டிக்கெட் போச்சு" என்றார். "பரவால்ல. ஒரு மணி நேரம் உக்காந்து பூசாமலே எனக்கு வேஷம் போட்டாச்சு."

"பேசாம இருங்க" என்றார் அந்த அம்மா. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சார் என்னைப் பார்த்தார். மனைவி சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நானே சொன்னேன். வாசலில் நின்றதிலிருந்து விரல் காட்டியது, தலையாட்டியது, கறியின் நிறத்தைப் பார்த்தும் கொண்டுவந்து வைத்தது வரை. கடைசியாகச் சொன்னதுதான் அந்த அம்மாவுக்கும் தெரியாதது. அவர் முகம் மாறியது.

சார் தன் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு, "கையப் பிடிச்சப்ப நல்லா இறுக்கித்தான் பிடிச்சீங்க" என்றார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

ஏழு மணிக்கு டாக்டர் பார்த்துவிட்டு, லேசாக ஏதாவது சாப்பிடலாம் என்றார். மதியத்திலிருந்து அவர் வயிற்றில் ஒன்றுமில்லை. அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து, பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்துவிட்டுத் திரும்பப் பைக்குள் போட்டார். வெளியில் வாங்கப் பயம், வாங்காமல் இருக்கவும் முடியவில்லை. சேச்சி அப்போது பில் கட்டும் இடத்தில் இருந்தார்.

"கீழ கேன்டீன்ல கஞ்சி இருக்கும்" என்றேன். "நான் போய்ப் பாத்து வாங்கிட்டு வரேன்."

அந்த அம்மா என்னை நெடுநேரம் பார்த்தார்.

"அவங்க சொல்றத நம்பி வராதீங்க" என்றார். "கூட நின்னு பாருங்க."

கேன்டீனில் ஒரே கூட்டம். நோயாளிகளுடன் வந்த ஆண்கள் தட்டும் கையுமாக நின்றார்கள். சமையல் இடம் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. நான் வரிசையில் நிற்காமல் தடுப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பனியனோடு நின்ற சமையல்காரர் கரண்டியோடு திரும்பினார்.

"சேச்சீ, இவிடே வரப் பாடில்லா" என்றார்.

"கஞ்சியில என்ன போட்டிருக்கீங்க?"

"அரி. வெள்ளம். உப்பு."

"அண்டிப்பருப்பு?"

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். "கஞ்சியில அண்டிப்பருப்பு போடக் காசு இருந்தா ஞான் இவிடே நிக்குமோ?"

வெளியே வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் மலையாளத்துக்கா, அவர் பதிலுக்கா, தெரியவில்லை. முகம் சுட்டது.

"இந்தக் கரண்டி வேற எதுல போட்டது?" என்றேன்.

"குருமாவில்."

"அப்ப வேற கரண்டி எடுங்க. கழுவி எடுங்க. நான் பாக்கணும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே கழுவினார். நான் குழாயடியில் நின்று பார்த்தேன். பயறு வேண்டாம், துவையல் வேண்டாம், கஞ்சி மட்டும் போதும் என்றேன். கிண்ணத்தையும் என் கண் முன்னால் கழுவ வைத்தேன். பின்னால் யாரோ, "இது யாரு, கலெக்டரோ?" என்றார்கள். மறுபடி சிரிப்பு. நான் கிண்ணத்தைத் தட்டால் மூடிக்கொண்டு படியேறினேன்.

அந்த அம்மா மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு கரண்டி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து அவருக்கு ஊட்டினார். அவர் முதல் வாயை விழுங்கினார். நாங்கள் இரண்டு பேரும் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.